லோகோ வரைய எது: இங்க்ஸ்கேப்பா, இல்லஸ்ட்ரேட்டரா, அஃபினிட்டியா?

பொழுதுபோக்காக லோகோ வரைகிறவருக்கு வட்டம், சதுரம், கோடும் வளைவும் வரையும் பென் டூல், கோட்டிலுள்ள புள்ளிகளான நோடுகளை இழுத்து வளைவைச் சீராக்குவது, ஒரு வடிவத்தால் இன்னொன்றை வெட்டுவது, இவ்வளவுதான் வேலை. இங்க்ஸ்கேப், இல்லஸ்ட்ரேட்டர், அஃபினிட்டி என்ற மூன்று வரைகலை மென்பொருள்களிலுமே முடியும். வரையும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. கோப்பை வெளியே கொடுக்கும்போதுதான் தெரியும்.

இங்க்ஸ்கேப் 2003-இல் சோடிபோடி என்ற திட்டத்திலிருந்து பிரிந்து வந்தது. இலவசம், திறந்த மூலம். எஸ்விஜி என்ற, பல மென்பொருள்களும் திறக்கும் கோப்பு வடிவிலேயே சேமிப்பதால் கோப்பைப் பிரௌசரில்கூடத் திறக்கலாம். நாளைக்கே வேறு மென்பொருளுக்கு மாறினாலும் படம் கையை விட்டுப் போகாது. வடிவங்களைத் தேய்த்து ஒட்டவைக்கும் ஷேப் பில்டர் 1.3 பதிப்பில் வந்தபின் பழைய சலிப்பும் குறைந்துவிட்டது. மேக்கில் மட்டும் இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். உண்மையான குறை சிஎம்ஒய்கே, அதாவது அச்சுக்கான நான்கு மை நிறமுறை: 1.4 பதிப்பிலும் பிடிஎஃப் திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில்தான் வெளியாகிறது. திரையில் பளிச்சென்ற நீலம் அச்சில் சோர்ந்து வரலாம். மற்ற இரண்டில் முன்கூட்டியே மை அளவைப் பார்த்து நிறத்தை மாற்றிக்கொள்ளலாம்.

இல்லஸ்ட்ரேட்டர் 1987-இலிருந்து இருக்கிறது; அச்சுத் தொழிலில் ஊறிப்போனது. பென் டூல் கைக்கு அவ்வளவு இணக்கம். ஆனால் 2013 முதல் புதிய பதிப்புகள் சந்தாவில் மட்டுமே. வருடத்துக்கு இரண்டு லோகோ வரைய மாதாமாதம் பணம் கட்டுவது, என்னைக் கேட்டால், வீண். கட்டியே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு வேலையையும் எஸ்விஜியாகவும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

அஃபினிட்டி 2014-இல் மேக்குக்கு வந்தது. 2024-இல் இணைய வடிவமைப்புத் தளமான கான்வா அதை வாங்கியது. 2025-இல் இலவசமாக்கியது, கான்வா கணக்கு இருந்தால் போதும். சிஎம்ஒய்கே உண்டு, வேகமும் உண்டு. இலவசம் எத்தனை நாளைக்கு என்பது நிறுவனத்தின் கையில்.

தமிழ் எழுத்துள்ள லோகோ என்றால் கணக்கே வேறு. இங்க்ஸ்கேப்பில் தமிழ் ஒழுங்காக வரும். இல்லஸ்ட்ரேட்டரில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை (எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் பகுதி) அமைப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும். அஃபினிட்டியின் 2ஆம் பதிப்பு வரை கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறின. எனவே எழுத்தை இங்க்ஸ்கேப்பில் தட்டி, பாத்தாக (எழுத்தல்லாத வெறும் வடிவக் கோடுகளாக) மாற்றி, அச்சுக்குப் போவதாக இருந்தால் அஃபினிட்டியில் நிறம் சரிபார்ப்பதுதான் என் வழி. பாத்தாக மாற்றும் முன் எழுத்தாகவே ஒரு பிரதி சேமியுங்கள். பெயரில் எழுத்துப்பிழை கடைசி நேரத்தில்தான் கண்ணில் படும்.