எடையா, டச்சா? சிங்கப்பூர் மேடைக்கு ஒரு கீபோர்டு

பெர்த்தில் கீபோர்டின் எடையைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. வீட்டு வாசலில் கார், மண்டபத்தின் பின்கதவு வரை கார், நடுவில் தூக்குகிற தூரம் பத்துப் பதினைந்து அடி. சிங்கப்பூரில் கதை வேறு. காடி (கார்) வாங்க வேண்டுமென்றால் முதலில் அதைப் பத்தாண்டு வைத்திருக்க உரிமை தரும் சிஓஇ சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023இல் சிறிய காடிகளுக்கான சிஓஇ மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தாண்டியது. அதனால் மெல்லிசைக் குழுவில் வாசிக்கிற பலரும் கிராப் வாடகைக் காடி எடுத்தோ எம்ஆர்டி ரயில் பிடித்தோதான் கச்சேரிக்கு வருகிறார்கள். தோ பாயோவில் இருக்கும் என் அண்ணனும் அப்படித்தான்.

இந்த முறை ஊருக்குப் போனபோது, அண்ணன் குழுவுக்கு ஒரு கீபோர்டு பார்த்துத் தரும் வேலை என்னிடம் வந்தது. கடை, பழுதுபார்க்கும் இடம், பழைய பொருள் விற்பனை, வாடகைக் காடி, விமான நிலையத்தில் ஜிஎஸ்டி திரும்பப் பெறுவது என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டேன். வெளியூரிலிருந்து வருகிற இசைக்காரர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

அண்ணனிடம் இருந்தது பழைய 88 கட்டை ஸ்டேஜ் பியானோ, அதாவது 88 விசை கொண்ட, மேடைக்கான டிஜிட்டல் பியானோ. பெட்டியோடு சேர்த்தால் முப்பது கிலோவை நெருங்கும். எங்கள் புளோக்கில் முன்பு லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. 2001இல் தொடங்கிய லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டம் எங்கள் பக்கம் வந்த பிறகுதான் வாசலிலேயே லிஃப்ட் கிடைத்தது. அதற்கு முன் அண்ணனும் தபலா வாசிக்கும் அவர் நண்பரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மாடிப்படியில் இறக்குவார்கள். இப்போது படி இல்லை. ஆனால் அண்ணனுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, முதுகு முன்போல் இல்லை. அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, எதை வாங்கினாலும் சரி, அவர் ஒரே கையில் தூக்குகிற மாதிரி இருக்கணும்" என்றார்.

முதலில் பிரஸ் பசா காம்ப்ளக்ஸ். 1980இல் திறந்த கட்டடம். புத்தகக் கடைகளுக்குப் பேர்போனது, இசைக் கருவிக் கடைகளும் உண்டு. கிதார் பார்க்கிறவர்கள் அப்படியே சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலாவுக்கும் ஒரு நடை போய்வரலாம்.

நான் நுழைந்த ஒரு கடையில் கீபோர்டை பிளாஸ்டிக் உறையோடு அடுக்கியிருந்தார்கள். வாங்குவதாகச் சொன்னால்தான் பிரிப்பார்களாம். டச்சை, அதாவது அழுத்தும்போது விரலுக்குக் கிடைக்கிற உணர்வை, பார்க்காமல் கீபோர்டு வாங்கு என்பது வாசிக்கிறவனுக்குச் செய்கிற அநியாயம். பேசாமல் வெளியே வந்துவிட்டேன். வேறொரு கடையில் அதற்கு நேர்மாறான அனுபவம். ஓர் இளைஞர் ஹெட்ஃபோனைக் கையில் கொடுத்து, நாற்காலியும் போட்டுவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பேன். முடிவு எடுக்க உதவியது அந்த ஒரு மணி நேரம்தான்.

அங்கே யமஹா வரிசையை எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் ஒப்பிடுவது சுலபம். 2018இல் வந்த மோட்எக்ஸ் மூன்று அளவில் வந்தது. மூன்றிலும் உள்ளே இருக்கும் ஒலி ஒன்றுதான். 61 கட்டை உள்ளது 6.6 கிலோ, 76 கட்டை உள்ளது 7.4 கிலோ, 88 கட்டை உள்ளது 13.8 கிலோ. 76லிருந்து 88க்குப் போகும்போது கூடுவது பன்னிரண்டே கட்டை, ஆனால் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. காரணம் கட்டையின் எண்ணிக்கை இல்லை. 88இல் இருப்பது ஹாமர் ஆக்‌ஷன். ஒவ்வொரு கட்டைக்கும் பின்னால் ஒரு சுத்தியல் எடை ஏறி இறங்குகிறது, அத்தனையையும் தாங்க அடிச்சட்டமும் பலமாக இருக்க வேண்டும். 61உம் 76உம் செமி வெயிட்டட். அழுத்தினால் மேலே திருப்பி அனுப்புவது ஸ்பிரிங்தான். பிறகு வந்த சிகே வரிசையிலும் இதே கணக்கு: சிகே61 5.6 கிலோ, சிகே88 13.1 கிலோ.

கடைக்காரர் சொல்லும் எடை வெறும் கருவியின் எடைதான். அதோடு உறை, ஸ்டாண்டு, பெடல், அடாப்டர், வயர்கள் எல்லாம் சேர வேண்டும். இரட்டைக் கால் ஸ்டாண்டே நான்கைந்து கிலோ வரும். 13 கிலோ கருவி, கச்சேரிக்குக் கிளம்பும்போது 20 கிலோவைத் தாண்டிவிடும்.

சரி, எடை குறைந்ததையே வாங்கிவிடலாமே என்றால், விரல் ஒத்துக்கொள்ள வேண்டும். ஹாமர் கட்டை பியானோ மாதிரி: இடப்பக்கம் கனம், வலப்பக்கம் போகப் போக லேசு. மெதுவான பாட்டில் ஒற்றைப் பியானோவை வைத்துக்கொண்டு பாடகருக்குத் துணை போகும்போது, அந்தக் கனம்தான் மெல்லிய சத்தத்தையும் உரத்த சத்தத்தையும் நம் கைக்குள் வைத்திருக்கும். லேசான கட்டையில் அதே வாசிப்பு தடதடவென்று வரும்.

ஆனால் தமிழ் மெல்லிசையில் கீபோர்டுக்காரர் பியானோ வாசிக்கிற நேரம் எவ்வளவு? ஒரே பாட்டுக்குள் வயலின் கூட்டம், புல்லாங்குழல், சில சமயம் நாதஸ்வரம், அடுத்த இடையிசையில் வீணை. வீணையும் குழலும் வரும்போது இடக்கை, சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தில்தான் இருக்கும். கமகம் அங்கேதான் பிறக்கிறது. வலக்கை வேகமான பிருகா வாசிக்கும்போது கட்டை சட்டென்று மேலே வர வேண்டும். ஹாமர் கட்டையில் இது முடியாது என்று சொல்லமாட்டேன், ஆனால் மூன்று மணி நேரக் கச்சேரியின் கடைசியில் மணிக்கட்டு கேள்வி கேட்கும். அதோடு, வீட்டுப் பியானோவாகச் செய்யப்பட்ட பல டிஜிட்டல் பியானோக்களில் பிட்ச் பெண்டே கிடையாது. ரோலண்ட் எஃப்பி-30எக்ஸ் அருமையான டச், எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் 14.8 கிலோ, சக்கரமும் இல்லை. அதை மேடைக்குத் தூக்கிப்போய் வீணை இடையிசையை எதில் வளைப்பது?

என் முடிவு இதுதான்: நல்ல டச் என்பது கனமான டச் அல்ல. நான் அழுத்துகிற அளவுக்கு ஏற்ற சத்தம் ஒவ்வொரு முறையும் தவறாமல் வர வேண்டும், அவ்வளவுதான். கடையில் இதைப் பார்க்க ஒரு வழி உண்டு. மோதிர விரலால், இரண்டு கருப்புக் கட்டைகளுக்கு நடுவே நன்றாக உள்ளே தள்ளி, வெள்ளைக் கட்டையை மிக மெதுவாக அழுத்துங்கள். விலை குறைந்த கருவிகளில் அந்த இடம் கல் மாதிரி இறுகியிருக்கும், சத்தமும் வராது. முனையில் அழுத்தினால் எல்லாக் கீபோர்டும் நல்லதாகத்தான் தெரியும்.

61ஆ 76ஆ என்பதில் அண்ணன் தெளிவாக இருந்தார். இடக்கைக்கு ஸ்ட்ரிங்ஸ், வலக்கைக்குக் குழல் என்று கட்டையைப் பிரித்து வைத்தால், 61இல் இரண்டு பக்கமும் நெருக்கடி. 76 போதும். நீளமும் ஒரு மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. 88 கட்டையை உறையோடு சாதாரண காடியின் பின் இருக்கையில் குறுக்கே வைத்தால் கதவு சாத்த இடிக்கும், ஆறு பேர் காடி எடுக்க வேண்டிவரும். 76ஐ அப்படியே வைத்துக் கதவைச் சாத்தலாம். இதை நான் ஒரு கிராப் ஓட்டுநரின் சம்மதத்தோடு டேப் வைத்து அளந்தே பார்த்தேன். அவரும் கீழே இறங்கி நின்று, முன் இருக்கையை நகர்த்திக் கொடுத்தார்.

புதிது வாங்கப் பணம் போதவில்லை. அதனால் பழைய பொருள் விற்கும் கரோசெல் இணையத்தளத்தில் தேடினோம். செங்காங்கில் ஒருவர் மோட்எக்ஸ் 76 கட்டையை விற்பதாகப் போட்டிருந்தார். எம்ஆர்டி வாசலில் சந்தித்துக் கைமாற்றுவதுதான் இங்கே வழக்கம், ஆனால் வாசித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டதும் வீட்டுக்கே வரச் சொன்னார்.

பழைய கீபோர்டில் முதலில் பார்க்க வேண்டியது கீறல் அல்ல. கட்டைக்கு அடியில் ரப்பர் பட்டை ஒன்று இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் அதில் இரண்டு கரும்புள்ளிகள். கட்டை இறங்கும்போது ஒன்று முதலில் தொடும், மற்றது ஒரு நொடியின் சிறு துளி கழித்துத் தொடும். அந்த இடைவெளியை வைத்துத்தான் நாம் எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்று கருவி கணக்குப் போடுகிறது. தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ ஒரு புள்ளியில் படிந்தால் கணக்குத் தப்பும். மெதுவாகத் தொட்டாலும் அலறும், அல்லது ஊமையாகிவிடும். ஆகவே ஒரு கட்டை விடாமல், இடமிருந்து வலம், ஒரே மென்மையோடு அழுத்திக்கொண்டே போனேன். மேல் ஸ்தாயியில் ஒரு கட்டை மட்டும் துள்ளியது. விற்றவர் முகம் சுளிக்காமல் விலையைக் குறைத்துக்கொண்டார்.

அந்தக் கட்டையைச் சரிசெய்ய சிம் லிம் டவர் பக்கம் ஒருவரைப் பிடித்தோம். எலெக்ட்ரானிக் உதிரிபாகத்துக்கு அந்தக் கட்டடம் பேர்போனது. அவர் அடித்தட்டைக் கழற்றி, ரப்பர் பட்டையை எடுத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த துணியால் துடைத்து, காயவைத்து மாட்டினார். பட்டையை மாற்ற வேண்டும் என்று சொல்லி அவர் பணம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கூலி சில பத்து வெள்ளிக்குள் முடிந்தது. இப்படிப்பட்ட கைகாரர்கள் இன்னும் சிங்கப்பூரில் கடை வைத்திருப்பது எனக்குப் பெரிய நிம்மதி.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் மகள் உட்கார்ந்தாள். அவள் பிரிட்டனின் ஏபிஆர்எஸ்எம் இசைத் தேர்வில் எட்டாம் நிலை வரை பியானோ படித்தவள். நான்கு சுரம் வாசித்துவிட்டு, "சித்தப்பா, எல்லாமே கத்துதே" என்றாள். ஹாமர் கட்டையில் பழகிய கை, லேசான கட்டையில் தேவைக்கு மேல் வேகமாக இறங்குகிறது. எந்த வேகத்தில் அழுத்தினால் எவ்வளவு சத்தம் என்று தீர்மானிக்கும் டச் கர்வ் அமைப்பை 'ஹார்ட்' பக்கம் மாற்றிக்கொடுத்தேன். அப்புறம் ஒரு மெதுவான பாட்டை முழுதாக வாசித்தாள். பியானோவின் திருப்தி வரவில்லை என்றுதான் சொன்னாள், அது நியாயமும்கூட. அவளுக்காகப் பழைய 88 வீட்டிலேயே நிற்கிறது, பயிற்சி எல்லாம் அதில்தான். தனிப் பியானோ நிகழ்ச்சி வந்தால் வாடகைக்கு எடுத்துக்கொள்வது என்று முடிவு. இங்கே கருவி வாடகைக்கு விடுகிறவர்கள் மேடைக்கே கொண்டுவந்து இறக்கி, முடிந்ததும் எடுத்துப் போகிறார்கள்.

சமூக மன்றத்தில் நற்பணிச் செயற்குழு நடத்திய கச்சேரிக்குப் புதுக் கீபோர்டோடு போனோம். அண்ணன் முதுகில் மாட்டிக்கொண்டார், ஸ்டாண்டு என் கையில். லிஃப்ட், கூரை போட்ட நடைபாதை, ரயில், மறுபடி நடை. மழை பிடித்தது, ஆனால் நடைபாதை கைவிடவில்லை. எம்ஆர்டியில் போகிறவர்கள் நிலையத்தின் ஆழத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். பிரஸ் பசா நிலையம் 35 மீட்டர் ஆழம், எஸ்கலேட்டரே 41 மீட்டர் நீளம். கருவி இருந்தால் லிஃப்ட்டைத் தேடுவது உத்தமம், கூட்ட நேரத்தைத் தவிர்ப்பது இன்னும் உத்தமம்.

கடைசியாக ஜிஎஸ்டி. 2024 ஜனவரியிலிருந்து 9 விழுக்காடு. என்னைப்போல் வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்துக்கொண்டவர்கள் சுற்றுப்பயணியாக வந்து, ஜிஎஸ்டி திரும்பத் தரும் திட்டத்தில் உள்ள கடையில் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கினால் திரும்பப் பெறலாம். கடையில் கடப்பிதழைக் காட்டிப் பதிவுசெய்ய வேண்டும், வாங்கிய இரண்டு மாதத்துக்குள் பொருளை நாட்டைவிட்டு எடுத்துப் போக வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கிடையாது. எனக்காக அந்த நல்ல கடையில் ஒரு பெடலும் உறையும் வாங்கியிருந்தேன். அவை பெட்டிக்குள் போவதாக இருந்ததால், சாங்கியில் பெட்டியைப் போடுவதற்கு முன்பே இயந்திரத்தில் பதிவுசெய்தேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது, கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியைக் கடன் அட்டைக்கு அனுப்பினார்கள். கீபோர்டையே கொண்டு போகிறவர்கள் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 செ.மீ. என்பது பல நிறுவனங்களின் வரம்பு. 88 கட்டை உறையோடு நிச்சயம் அதைத் தாண்டும், 61 கட்டை பெரும்பாலும் உள்ளே அடங்கும்.