ஈ-பைக்கின் பெடலைக் கழற்ற விடாதீர்கள்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் சாப்பாடு டெலிவரி செய்கிற தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன்.

2024 கோடையில் ஸ்கூட்டர் மாதிரி இருக்கும் ஒரு ஈ-பைக் வாங்கினேன். கடைக்காரரும் எங்கள் ஆள்தான். வண்டியை வெளியே எடுக்கும்போது, "தம்பி, இந்தப் பெடல் காலில இடிக்கும், ஒருத்தரும் மிதிக்கிறேல்ல" என்றபடி ஸ்பானரை எடுத்து இரண்டையும் கழற்றி, ஒரு சொப்பிங் பையில் சுற்றித் தந்தார். கழற்றிய இடத்தில் கறுப்பு மூடி ஒன்றை அமத்தினார். ஐந்து நிமிட வேலை. காசும் எடுக்கவில்லை. நல்ல மனுசன் என்றுதான் நினைத்தேன்.

ஒக்டோபரில் ஒரு மழை இரவு. மார்க்கம் ரோட்டில் இடப்பக்கம் திரும்பிய கார் என்னை அடித்தது. பிழை முழுக்கக் காரோட்டியுடையது. எனக்கு வலது மணிக்கட்டு முறிவு.

ஒன்ராறியோவில் பிழை யாருடையது என்றாலும், கார் மோதிக் காயப்பட்டவருக்குக் கார்க் காப்புறுதியிலிருந்து பணம் உண்டு. நடந்து போனவருக்கும் சைக்கிள்காரருக்கும்கூட. உங்களிடமோ மனைவியிடமோ கார்க் காப்புறுதி இருந்தால் முதலில் அங்கே கேட்கவேண்டும். இல்லாவிட்டால் அடித்த காரின் காப்புறுதியிடம். ஈ-பைக்கும் சைக்கிள் கணக்குத்தான், ஆனால் மோட்டார் 500 வாட்ஸுக்குள், வேகம் 32 கிலோமீட்டருக்குள், எடை 120 கிலோவுக்குள் இருக்கவேண்டும், மிதிக்கப் பெடலும் வேண்டும். பெடல் போனால் அது மோட்டார் வாகனம். லைசென்ஸ், நம்பர் பிளேட், காப்புறுதி எல்லாம் கேட்பார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது காப்புறுதிக்காரரின் கடிதம் வந்த பிறகுதான். கூடவே என் வண்டியின் படம். அந்தக் கறுப்பு மூடியைச் சுற்றிப் பேனையால் வட்டம் போட்டிருந்தார்கள்.

காப்புறுதி இல்லாத வாகனம் ஓட்டியதால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கான வாரப்பணம் கிடையாதாம். பிசியோவுக்கும் மருந்துக்கும் மட்டும் தந்தார்கள். பெடல் இருந்திருந்தால் வருமானத்தில் 70 வீதம், வாரத்துக்கு 400 டொலர் வரை வந்திருக்கும். மூன்று மாதம் வேலை இல்லை, கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அடித்தவர்மேல் காயத்துக்கு நட்டஈடு கேட்டு வழக்குப் போடவும் முடியாது என்று சட்டத்தரணி சொன்னார். பொலிஸ் என்மேல் வழக்குப் போட்டிருந்தால் குறைந்தது 5,000 டொலர் தண்டம் வேறு. அந்த மட்டில் தப்பினேன்.

விபத்து நடந்தால் 7 நாளுக்குள் காப்புறுதிக்குச் சொல்லிவிடுங்கள். படிவம் கைக்கு வந்தால் 30 நாளுக்குள் நிரப்பிக் கொடுங்கள். எலும்பு முறிந்திருந்தால் 'சிறு காயம்' என்று சொல்லிச் சிகிச்சைப் பணத்தை 3,500 டொலரோடு நிறுத்த விடாதீர்கள். மறுப்புக் கடிதத்தைக் குப்பையில் போடவேண்டாம், இரண்டு வருடத்துக்குள் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். 2026 ஜூலை 1 முதல் வாரப்பணம் காப்புறுதியின் கட்டாயப் பகுதியாக இல்லாதபடி விதியை வேறு மாற்றியிருக்கிறார்கள். சொந்தக் கார் இல்லாதவர்கள் இதைக் கவனமாக விசாரியுங்கள்.

கட்டு அவிழ்த்த பிறகு கடைக்குப் போனேன். "அண்ணை, நீங்கள்தானே கழற்றினீங்கள்?" என்று கேட்டேன். அவர் ரசீதை எடுத்து விரலால் தொட்டுக் காட்டினார்: 'பெடலுடன் கொடுக்கப்பட்டது.' பொய் என்று சொல்ல முடியவில்லை. சொப்பிங் பையில் போட்டுத்தானே தந்தார்.