டைம் மெஷின்: வெளி வன்வட்டின் இடத்தை எவ்வளவு திறமையாக ஆள்கிறது?

மேக் கணினியுடன் தனி விலையின்றி வரும் காப்புப்பிரதி மென்பொருளான டைம் மெஷின், 2007ஆம் ஆண்டு மேக் இயங்குதளத்தின் லெப்பர்டு பதிப்பில் அறிமுகமான காலத்திலிருந்தே, வெளி வன்வட்டைச் செருகியபின் பயனர் எதையும் கவனிக்கத் தேவையில்லை என்ற எண்ணத்தை ஊட்டி வருகிறது. காப்புப்பிரதி எடுப்பதைப் பொறுத்தவரை அது பெருமளவு சரிதான். வட்டின் இடத்தைப் பங்கிடுவதில் மட்டும் பாதி வேலை நம் தலையில்தான் விழுகிறது.

முதல் முறை முழுவதையும் படியெடுத்தபின், மாறியவற்றை மட்டுமே அது சேர்த்துக்கொண்டு போகிறது. கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கொன்று, கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கு முந்தைய காலத்துக்கு வாரத்துக்கொன்று எனப் பிரதிகளை விட்டுவைத்து மற்றவற்றைத் தானே களைகிறது. வட்டு நிரம்பியதும் மிகப் பழையதிலிருந்து அழிக்கத் தொடங்குகிறது. கணக்குப் பார்க்க நேரமில்லாத வீட்டுப் பயனருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைப்பது அரிது. ஆனால் இதற்குக் காலம் ஒன்றே அளவுகோல். பல மாதங்கள் திருத்திய ஆய்வேட்டின் பழைய வடிவமும், ஒருமுறை பயன்படுத்திவிட்டு மறந்துபோன நிறுவல் கோப்பும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான்.

ஆகவே எதற்கு இடம் தரவேண்டும் என்பதைப் பிரதி எடுக்கும் முன்பே, அமைப்புகளில் உள்ள விலக்குப் பட்டியலில் நாம்தான் தீர்மானிக்க வேண்டும். குப்பைத்தொட்டியையும் தற்காலிகக் கோப்புகளையும் மென்பொருளே ஒதுக்கிவிடுகிறது. டவுன்லோட்ஸ் கோப்புறையை ஒதுக்குவதில்லை. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினிபோல் இயங்கும் மெய்நிகர் இயந்திரங்களின் வட்டுக் கோப்புகள் இன்னும் பெரிய தின்னிகள். வட்டில் கோப்புகளை அடுக்கும் பழைய முறையான எச்எஃப்எஸ் பிளஸ் வடிவ வட்டில், 60 ஜிபி அளவுள்ள ஒற்றைக் கோப்பில் சிறிதளவு மாற்றம் நேர்ந்தாலும் முழுக் கோப்பும் மறுபடி படியெடுக்கப்படும்.

2020இல் வந்த பிக் சர் பதிப்பிலிருந்து, அதற்கு மாற்றாக வந்த புதிய ஏபிஎஃப்எஸ் வடிவத்திலும் பிரதி எடுக்க முடிகிறது. இங்கே ஒவ்வொரு பிரதியும் மாற்ற முடியாத ஒரு ஸ்னாப்ஷாட்டாக, அதாவது அந்நேரத்து நிலையின் உறைந்த பதிவாக நிற்பதால் நம்பகத்தன்மை கூடியிருக்கிறது, ஆனால் இட நிர்வாகத்தில் ஒரு வசதி பறிபோயிருக்கிறது. முன்பு ஒரு குறிப்பிட்ட கோப்பின் பிரதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து அழிக்கலாம். இப்போது முழுப் பிரதியையே அழிக்க வேண்டும். தவறுதலாக உள்ளே போன 80 ஜிபி காணொளி, அதைத் தாங்கிய கடைசி ஸ்னாப்ஷாட் மறையும்வரை இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். அதன்பின் விலக்குப் பட்டியலில் சேர்ப்பது இனிவரும் பிரதிகளுக்குத்தான் உதவும். மேலும், பிரதிகள் பெரும்பாலான தரவைத் தமக்குள் பகிர்ந்துகொள்வதால், ஒன்றை அழித்தால் அதற்கு மட்டுமே உரிய பகுதிதான் விடுபடும். பழைய பிரதிகள் சிலவற்றை நீக்கியும் இடம் பெருகவில்லையே என்று திகைப்பவர்களுக்கு விடை இதுதான். ஒரு பிரதியை அழித்தால் எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதை டைம் மெஷினின் திரையிலேயே காட்டியிருக்கலாம். இவ்வளவு மெருகேறிய மென்பொருளில் அந்தத் தகவல் இல்லாதது எனக்குப் பெருங்குறை.

ஒரே வட்டில் திரைப்படங்களையும் வைத்துக்கொள்ள விரும்புவோர், மேக்கின் வட்டு நிர்வாகச் செயலியான டிஸ்க் யூட்டிலிட்டியில், கன்டெய்னர் எனப்படும் அதே பொது இடத்துக்குள் இன்னொரு வால்யூம் (தனிப் பிரிவு) உருவாக்கி, உருவாக்கும்போதே அதற்கு உச்சவரம்பு வைக்க வேண்டும். வரம்பில்லாவிட்டால் இரண்டு வால்யூம்களும் ஒரே காலியிடத்துக்குப் போட்டியிடும், பழைய பிரதிகள் சீக்கிரமே பலியாகும். மறுபக்கம், அண்மைய பதிப்புகளில் வட்டை டைம் மெஷினுக்கு முதன்முதலாக ஒதுக்கும்போதே பிரதிகளின் மொத்த அளவுக்கும் ஓர் எல்லை விதிக்கலாம். இந்த இரண்டு வரம்புகளையும் தொடக்கத்திலேயே யோசித்து அமைப்பது நல்லது.

வட்டின் கொள்ளளவைப் பொறுத்தவரை, கணினியின் சேமிப்பிடத்தைப் போல் இரு மடங்காவது இருக்க வேண்டும் என்பது ஆப்பிளின் பரிந்துரை. காணொளி தொகுப்பவர்களுக்கு அது போதாது. 512 ஜிபி மேக்குக்கு 2 டெராபைட் வட்டு வாங்குமாறுதான் நான் சொல்வேன். ஏபிஎஃப்எஸ் வடிவம் சுழலும் வன்வட்டில் சற்று மந்தமாகவே இயங்கும் என்றாலும், பின்னணியில் நடக்கும் வேலைக்கு அந்த வேகம் போதும் என்பதால், சுழலும் பாகமற்ற, வேகமான எஸ்எஸ்டி வட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைக் கொள்ளளவில் போடலாம்.