வாடகை சேர்வருக்குப் புது இயங்குதளம்: ஏற்றுவதா, அழிப்பதா, பெட்டி மாறுவதா?

இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் நாலைந்து பேரின் முன்பதிவுத் தளங்கள், ஜெர்மனியில் நான் வாடகைக்கு எடுத்திருந்த ஒரே சேர்வரில் ஓடின. அதில் இருந்தது சென்டோஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளம். 2024 ஜூன் 30 உடன் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. ஆனால் அது நடு சீசன். அறைகள் நிறைந்திருக்கும்போது யாராவது சேர்வரில் கை வைப்பார்களா? நவம்பர் வந்து, கடல் கொந்தளித்து, வெள்ளைக்காரர்கள் தெற்குக் கரைக்குப் போன பிறகுதான் தொடங்கினேன்.

எதைப் போடுவது என்பதைவிட எப்படிப் போடுவது என்பதுதான் பெரிய தலையிடி. வீட்டுக் கணினி என்றால் யூஎஸ்பியைச் சொருகி வேலையைப் பார்க்கலாம். இது கண்ணால் கண்டிராத பெட்டி.

முதல் வழி, இருந்த இடத்திலேயே ஏற்றுவது. சென்டோஸுக்கு மாற்றாக வந்த அல்மாலினக்ஸ்காரர்களின் எலிவேட் கருவி 7இலிருந்து 8, அங்கிருந்து 9 என்று படிப்படியாகக் கொண்டுபோகும். ஐபி (சேர்வரின் இணைய முகவரி எண்) மாறாது, அமைப்புகளும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இவற்றுக்கெல்லாம் மூலமான ரெட் ஹாட் 8இன் கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் கருவில், டிஸ்க்குகளை இணைக்கும் பழைய ரெய்ட் கார்டுகள் பலவற்றுக்கு ஆதரவை எடுத்துவிட்டார்கள். மலிவு வாடகைப் பெட்டிகளில் இருப்பதே அந்த மாதிரிக் கார்டுகள்தான். ரீபூட் செய்தபின் டிஸ்க்கே தெரியாவிட்டால், பிங்குக்குப் பதில் வராத கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் கேவிஎம் வசதி உண்டா என்று முதலே கேட்டு வையுங்கள். இன்னொன்று: மாரி மழையில் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ரௌட்டர் அணைந்தால் சேர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் இணைப்பு அறும், பாதியில் நிற்கும் அப்கிரேட் போல ஒரு தொல்லை கிடையாது. இணைப்பு அறுந்தாலும் சேர்வரில் வேலையைத் தொடரவைக்கும் டிமக்ஸுக்குள் இருந்து ஓடவிட்டால் அந்தப் பயம் இல்லை.

இரண்டாவது, கட்டுப்பாட்டுப் பலகத்தில் ரீஇன்ஸ்டால் பொத்தானை அமுக்குவது. ஐபி அதேதான், டிஸ்க் துடைத்த மாதிரி ஆகிவிடும். இன்ஸ்டால் கால் மணி நேரத்தில் முடியலாம். தளம் படுத்திருக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது அதுவல்ல, பெக்கப்பைத் திரும்ப ஏற்றும் நேரம். 40 ஜிபியை வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வைத்துவிட்டு, 10 எம்பிபிஎஸ் அப்லோடில் திருப்பி அனுப்பினால் கிட்டத்தட்ட 9 மணி நேரம். பெக்கப்பை அந்த நாட்டிலேயே வைப்பதுதான் புத்தி. அதே சேர்வரின் இரண்டாவது டிஸ்க்கில் வைக்க மட்டும் வேண்டாம். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நகலை வைக்கும் ரெய்ட் 1 கேட்டால் இன்ஸ்டாலர் இரண்டையும் சேர்த்துத் துடைக்கும்.

மூன்றாவது, இன்னொரு பெட்டியை ஒரு மாதம் கூட எடுத்து, அங்கே எல்லாம் ஓடுகிறதென்று பார்த்தபின் தளத்தின் பெயரை ஐபியோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸைப் புதுப் பெட்டிக்குத் திருப்பி, பழையதை விடுவது. ஒரு மாத வாடகை வீண்தான். ஐபி மாறுவதால் மின்னஞ்சலுக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும்) பதிவைப் புதிதாகப் போடவேண்டும், புது ஐபியின் மேல் மற்றவர்களுக்கு நம்பிக்கை வரும்வரை சில கடிதங்கள் ஸ்பாமில் விழும். டிஎன்எஸ் பதிலை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரமான டிடிஎல்லை முதல் நாளே 300 வினாடிக்குக் குறைத்துவிட்டு, இங்கே காலை எட்டரை, ஜெர்மனியில் அதிகாலை நாலு மணிக்குத் திருப்பினேன். யாரும் கவனிக்கவில்லை. நான் காசு கொடுத்து வாங்கியது அந்த நித்திரையைத்தான்.

சரி, எதைப் போடுவது? சென்டோஸ் பழக்கம் கையில் இருந்தால் அல்மா, அதே வகையான ராக்கி லினக்ஸ் இரண்டும் வீட்டுச் சாப்பாடு மாதிரி. 9ஆம் பதிப்புக்கு 2032 வரை திருத்தங்கள் வரும். பழைய பெட்டிக்கு நான் அல்மா பக்கம். மேலே சொன்ன பழைய கார்டுகள் பலவற்றை அவர்கள் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். 10ஆம் பதிப்பில் வித்தியாசம் இன்னும் வெளிப்படை: ராக்கி 10க்கு ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி உள்ள சிபியு வேண்டும், அதாவது இன்டெலில் 2013இன் ஹாஸ்வெல்லோ அதற்குப் பிந்தியதோ. அல்மா 10 அதற்கு முந்திய சிபியுக்களுக்கும் தனிப் பதிப்பு தருகிறது. இன்னொரு லினக்ஸான உபுண்டு 24.04க்கு 2029 வரை ஆதரவு உண்டு, ஆனால் லொகின் செய்யும்போதெல்லாம் புரோ சந்தா விளம்பரம் கண்ணில் குத்தும். தளங்களை நிர்வகிக்கும் சீபேனல் மென்பொருளை வைத்திருப்பவர்கள் டெபியன் லினக்ஸை மறக்கலாம், அது அங்கே ஓடாது.

என்னிடம் சீபேனல் இல்லை. டெபியன் 12 போட்டேன். ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு இருந்த இடத்திலேயே ஏறுவது அங்கே காலங்காலமாக நடக்கும் சாதாரண வேலை, வழிகாட்டியும் அவர்களே எழுதித் தருகிறார்கள். கை எட்டாத பெட்டிக்கு எனக்கு வேண்டியது அதுதான்.

ரெட் ஹாட் குடும்பத்திலிருந்து டெபியனுக்கு மாறியதற்கு விலையும் கொடுத்தேன். மாற்றிய மறுநாள் ஒரு கெஸ்ட் ஹவுஸ் அக்காவின் அழைப்பு: “தம்பி, ரூம் போட்டோ ஒண்டும் ஏறுதில்லையே!” உள்ளே போய்ப் பார்த்தால், படக் கோப்புறையின் உரிமையாளர் இடத்தில் பெயரே இல்லை, 48 என்று வெறும் எண். சென்டோஸில் வெப் சேர்வரின் பயனர் அப்பாச்சி, எண் 48. டெபியனில் அதே வேலையைச் செய்வது 33ஆம் எண்ணுள்ள வேறு பயனர். கோப்புகளை நகலெடுத்த ஆர்சிங்க் கருவி அப்பாச்சி என்ற பெயரைத் தேடிக் கிடைக்காமல் எண்ணை அப்படியே ஒட்டிவிட்டது. உரிமையாளரை மாற்றும் ஒரு சௌன் (chown) கட்டளை, ஐந்து வினாடி. “இப்ப போட்டுப் பாருங்கோ அக்கா” என்றேன்.