மலை வீட்டுக்கு எந்தக் கூரை: ஓடா, தகரமா, காங்கிரீட் தளமா?

நீலகிரியில் வீடு கட்டுவோர் கொத்தனாரிடமும் தச்சரிடமும் முதலில் பேசித் தீர்க்க வேண்டியது கூரையைத்தான். மேற்கே நடுவட்டம், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கிழக்கே குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை கனக்கும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. கோயம்புத்தூரில் நன்றாக நிற்கும் கூரை இங்கும் நிற்கும் என்று நம்பிவிடக் கூடாது.

மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவச் சமய அமைப்பு 1865-இல் தொடங்கிய ஆலையின் வழியாகப் பரவிய சீமை ஓடு இந்த மலைக்கு நன்கு பழகியது. முகட்டில் உத்திரம், அதிலிருந்து இரு பக்கச் சுவர்களுக்கும் சரிந்து இறங்கும் கைமரம், கைமரங்களின் மேல் குறுக்கே அடிக்கும் மெல்லிய சட்டமான ரீப்பர் என்பதுதான் அதன் மரச்சட்டகம். ரீப்பரின் இடைவெளி ஓட்டின் அளவோடு ஒத்துப்போக வேண்டும். சற்றே விலகினாலும் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகக் கவ்வாமல், காற்றோடு வரும் சாரல் அந்த இடுக்கில் நுழைந்துவிடும். வாட்டமும், அதாவது கூரையின் சரிவும், அவ்வாறே முக்கியமானது. 10 அடி கிடைநீளத்துக்கு 6 அடி உயரம் கொடுத்தால் ஏறக்குறைய 31 பாகை சரிவு கிடைக்கும். மரச்செலவைக் குறைக்க இதைத் தாழ்த்துவோர் பிறகு ஆண்டுதோறும் ஒழுக்கைத் தேடி அலைய நேரிடும். சுவரைத் தாண்டி நிற்கும் கூரை விளிம்பான இறவாணத்தை இரண்டடியாவது வெளியே நீட்டினால் சுவரில் ஓதம் ஏறுவது வெகுவாகக் குறையும். ஓட்டின் பெருங்குறை குரங்குகள். அவை கூட்டமாகக் கூரையில் ஓடும் ஊர்ப்பகுதிகளில் உடைந்த ஓட்டை மாற்றுவதற்கென்றே கொஞ்சம் ஓடுகளை வாங்கி வைத்திருக்க வேண்டும்.

தகரத்துக்கு அந்தக் கவலை இல்லை. அரை மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோதான் இருக்கும் என்பதால் மரமும் குறைவாகப் போதும், வாட்டமும் குறைவாகப் போதும். ஆனால் பனிக்கால இரவில் தகரம் விரைவாகக் குளிர்ந்துவிடுவதால், சமையலின் ஆவியும் மூச்சின் ஈரமும் அதன் அடிப்பக்கத்தில் நீராகப் படிந்து சொட்டும். மழை பெய்யாத நாளிலும் நனையும் வீடுகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அடியில் பலகைச் சீலிங் போட்டு, சீலிங்குக்கும் தகரத்துக்கும் இடையே காற்றோட வழிவிட்டால்தான் அது குடியிருக்கத் தகுந்த கூரையாகும். நெளிதகட்டில், தகட்டைச் சட்டகத்தோடு பிணைக்கும் கொக்கி ஆணியான ஜே போல்ட்டை மேட்டில்தான் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் பாதையிலேயே துளை விழும்.

காங்கிரீட் தளத்துக்குக் கரையானும் குரங்கும் பொருட்டல்ல. ஆனாலும் 4 அங்குலத் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 கிலோ கனக்கும். ஓடும் மரமும் சேர்ந்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்கை எட்டாது. சரிவை வெட்டி மண் நிரப்பிச் சமப்படுத்திய மனையில் அந்தக் கனத்தை ஏற்றுவது எனக்கு அச்சம் தருகிறது. குளிரில் காங்கிரீட் இறுகுவதற்கும் கூடுதல் நாள் ஆகும். சமவெளிக் கணக்கில் சென்ட்ரிங்கை, அதாவது தளத்தைத் தாங்கும் தற்காலிக முட்டுச் சட்டத்தை, பிரிப்பது ஆபத்து. பின்னாளில் மேல்தளம் எழுப்பலாம் என்று தளம் போடுவோர், மலைப்பகுதிக் கட்டட விதிகள் உயரத்துக்கு வரம்பு வைத்திருப்பதை முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

ஆகவே குன்னூர், கோத்தகிரிப் பக்கம் குடும்பத்தோடு ஆண்டு முழுதும் வசிக்கும் வீட்டுக்கு ஓட்டையே சொல்வேன். மேற்கே காற்றும் மழையும் ஓயாத இடங்களிலும், குரங்குத் தொல்லை மிகுந்த இடங்களிலும் சீலிங்குடன் கூடிய தகரம் மேலானது. தளம் போட்டே ஆக வேண்டுமானால், பாறை மேல் கடைக்கால் நிற்கும் மனையில், தளத்தையும் சரிவாகவே போடுங்கள்.

எந்தச் சரிவுக் கூரையானாலும் மரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸ் இங்கே எளிதில் கிடைக்கிறது, ஆனால் ஈரம் காயும்போது முறுக்கிக்கொண்டு வெடிக்கும். அந்த முறுக்கில் ஓட்டு வரிசை கலையும். தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் ஈரத்தையும் கரையானையும் தாங்காது. நன்கு உலர்த்தி மருந்தடித்தால் அதைச் சீலிங் பலகைக்குக் கொள்ளலாம். உத்திரத்துக்கும் கைமரத்துக்கும் காய்ந்த தேக்கையோ வேங்கையையோ கேளுங்கள்.