ராத்திரியில் இறங்கும் கார் பேட்டரி: புதுசு வாங்குவதா, சுவிட்ச் போடுவதா, கசிவைத் தேடுவதா?

சாயங்காலம் நன்றாக ஓடி வந்த கார், காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று மட்டும் சத்தம் கொடுக்கிறது. ஜம்பர் கேபிள் போட்டு எப்படியோ எடுத்துவிடுகிறோம். அப்புறம் மூன்று பேர் மூன்று வழி சொல்வார்கள். பேட்டரிக் கடைக்காரர் புது பேட்டரி போடச் சொல்வார். லாரி ஓட்டும் நண்பர், பேட்டரி இணைப்பையே துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் போதும் என்பார். ஆட்டோ எலக்ட்ரீஷியனோ, 'எங்கேயோ கரண்ட் லீக் ஆகுது, வண்டியை விட்டுட்டுப் போங்க' என்பார். யார் சொல்வது நம் வண்டிக்குப் பொருந்தும் என்பதை ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் கணக்கும் காட்டிவிடும்.

கணக்கு இதுதான். சின்ன கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி (1 ஆம்பியர் வீதம் எடுத்தால் சுமார் 35 மணி நேரம் வரும்) அளவுள்ள பேட்டரி இருக்கும். பூட்டி நிறுத்தினாலும் கடிகாரம், அலாரம் என்று வண்டி கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லிஆம்பியர் வரை பொதுவாகச் சரி. நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணிதான் போகும், நல்ல பேட்டரி பத்து நாள் கழித்தும் செல்ஃப் எடுக்கும். டிக்கியில் 5 வாட் பல்பு அணையாமல் எரிந்தால் சுமார் 0.4 ஆம்பியர். 10 மணி நேரத்துக்கு 4 ஆம்பியர்-மணி. அதுவும் தாங்கும். ஒரே ராத்திரியில் பாதி பேட்டரி காலியாக வேண்டுமானால் 1.7 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும், அது பெரிய கசிவு. எனவே கசிவு 0.4 ஆம்பியர்தான், ஆனாலும் மறுநாள் காலையிலேயே வண்டி படுத்துவிடுகிறது என்றால் பேட்டரியும் தளர்ந்திருக்கிறது, அல்லது ஓடும்போது சரியாக சார்ஜ் ஏறவில்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். வராவிட்டால் முதலில், ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோ (ஆல்டர்னேட்டர்) பக்கம் போங்கள்.

பேட்டரியை மட்டும் தனியாகச் சோதிக்க, முழு சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஆறவிட்டு, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். தொடக்கத்தில் 12.6 வோல்ட் இருக்கும். எதுவும் இணைக்காமலே காலையில் 12.2-க்கு இறங்கியிருந்தால் கோளாறு பேட்டரிக்குள்தான், கடைக்காரர் சொல்வது சரி. 12.6-ஐ ஒட்டியே நின்று, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழாமலும் இருந்தால் அந்த பேட்டரியை மாற்றாதீர்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் புது பேட்டரி வாங்கினேன். அடுத்த வாரம் மூன்று நாள் வண்டியை எடுக்கவில்லை, புதுசும் படுத்துவிட்டது. காரணம், வெளியே மாட்டிய ஸ்டீரியோவில், சாவி போட்டால் மட்டும் கரண்ட் வர வேண்டிய சிவப்பு வயரையும், எப்போதும் கரண்ட் இருக்க வேண்டிய மஞ்சள் வயரையும் ஒன்றாக முறுக்கி வைத்திருந்தார்கள். பிரித்து இணைக்கப் பத்து நிமிடம்தான் ஆனது.

கட்-ஆஃப் சுவிட்ச், மாதத்துக்கு இரண்டு தடவை எடுக்கும் வண்டிக்கு நல்ல தீர்வு. தினமும் ஓட்டும் வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன். அணைத்தால் அலாரமும் ரிமோட் பூட்டும் வேலை செய்யாது, கடிகார நேரமும் ரேடியோவில் பதிந்து வைத்ததும் அழிந்துபோகும். அதைவிட முக்கியம், கசிவுக்குக் காரணம் உரசித் தோல் போன வயராக இருந்தால், ஓடும்போது சுவிட்ச் ஆனில்தானே இருக்கும்? ஆபத்து அப்படியே இருக்கிறது.

ஆக, தினசரி வண்டிக்குத் தேடுவதுதான் வழி. தேடுவதிலும் இரண்டு முறை உண்டு. பழைய முறையில் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகி இணைக்க வேண்டும். கதவைத் திறந்தே வைத்து, அதன் பூட்டை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடியதுபோல் வைத்து, ரிமோட் சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் காத்திருங்கள். வண்டியின் கணினிகள் தூங்கிய பிறகு வரும் எண்தான் உண்மை. மீட்டர் இணைந்திருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டரின் பியூஸ் போய்விடும். பிறகு ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கினால், எது எண்ணைச் சட்டென்று இறக்குகிறதோ அந்த வழியில் கசிவு.

பழைய வண்டிக்கு இது போதும். புது வண்டிகளில் பியூஸைப் பிடுங்கிச் செருகும்போதே தூங்கிய கணினி விழித்துக்கொள்கிறது, எண் குழப்பும். அவற்றுக்கு எனக்குப் பிடித்தது மில்லிவோல்ட் முறை. பியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரை மில்லிவோல்ட் அளவுக்கு மாற்றி, பியூஸைப் பிடுங்காமலே அவற்றில் மீட்டர் முனைகளை வையுங்கள். பூஜ்யம் என்றால் கரண்ட் ஓடவில்லை, ஏதாவது எண் வந்தால் ஓடுகிறது. வயரைச் சுற்றிப் பிடித்தே அளக்கும் கிளாம்ப் மீட்டர் இன்னும் சுலபம், ஆனால் விலை குறைந்தவை பல, வீட்டு மின்சாரம் போன்ற ஏசி கரண்டை மட்டுமே அளக்கும், பேட்டரியின் டிசி கரண்டுக்கு உதவாது.

எல்லா பியூஸும் பார்த்து ஒன்றும் சிக்கவில்லையா? டைனமோவைச் சந்தேகியுங்கள். உள்ளே, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு பழுதானால் கரண்ட் பின்னோக்கிக் கசியும். நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டைனமோவின் தடித்த வயரைப் பிரித்து, முனையில் டேப் சுற்றி, மறுபடி மீட்டரை இணைத்து அளந்து பாருங்கள். எண் இறங்கினால் டயோடுதான். டைனமோவையே மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன், டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் ரிப்பேர் செய்யும் கடையில் டயோடு செட் மட்டும் மாற்றித் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள்.