புது ரகம் என்று விற்ற ஹோஸ்டா: நிழல் தோட்டம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

நிழலில் வளரும் பல்லாண்டுச் செடி என்றாலே பலரும் முதலில் தேடுவது ஹோஸ்டாவைத்தான். வாங்கும் முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

இலையெல்லாம் திட்டுத்திட்டாக இருந்த ஒரு ஹோஸ்டாவை, ‘அபூர்வமான புது ரகம்’ என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு என் தலையில் கட்டினார் ஒரு நர்சரிக்காரர். அது ரகமே இல்லை, நோய். ஹோஸ்டா வைரஸ் எக்ஸ் என்று பெயர். 1996லேயே கண்டறியப்பட்ட ஒன்று, செடி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்குத் தெரியாதா?

இளமஞ்சள் இலையில் நரம்புகளை ஒட்டியே கரும்பச்சை பரவியிருந்தது, ஈரத்தாளில் மை ஊறியது போல. தடவிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் தடித்துச் சுருங்கியிருக்கும். நல்ல ரகங்களில் பெரும்பாலும் இலையின் ஓரமோ நடுவோ தெளிவாக நிறம் மாறியிருக்கும், இப்படி நரம்போடு கசியாது. அடர்பச்சை இலை என்றால் தேமல் வெளிறித் தெரியும்.

இதைவிடக் கொடுமை, அதே கடையில் வாங்கிய மற்ற ஹோஸ்டாக்கள் பளிச்சென்றுதான் இருந்தன. அடுத்த பருவத்தில் துளிர்த்தபோது அவற்றிலும் தேமல். தொற்று இருந்தும் அறிகுறி தெரிய வருடக்கணக்கில்கூட ஆகலாம். செடியின் சாறு பட்டுத்தான் இது பரவுகிறது. தாய்ச்செடியைப் பிரித்த கத்தியைக் கழுவாமல் அடுத்த செடியில் வைத்தாலே போதும்.

கேட்டதற்கு, முதலில் “இந்த ரகமே இப்படித்தான்” என்றார். இலைச்சாற்றைச் சோதனைப் பட்டையில் பார்த்து, வைரஸ் இருப்பது உறுதியானதும் படத்தை அனுப்பினேன். அப்புறம் “உங்கள் மண் சரியில்லை” என்றார். மண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பணம் திரும்பவில்லை. அதைவிட, அதே செடி இன்னும் அங்கே விற்பனைக்கு இருப்பதுதான் எனக்கு ஆறவில்லை.

இதற்கு மருந்து கிடையாது. சந்தேகமான செடியை வேர்த்துண்டுகூட மிச்சமில்லாமல் தோண்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிரித்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். கத்தி, கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்குப் பிறகும் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அந்த இடத்தில் உடனே ஹோஸ்டா வேண்டாம். பெரணியோ அஸ்டில்பியோ தாராளமாக வைக்கலாம்.